சீட்டு விழுந்ததை அவர் பார்க்கவில்லை

மேலே குறித்த பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. சலவைக் கடையில் துணி தேய்க்கிறேன். கடைத்தெருவில் இஸ்திரியக்கா என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். என் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து வந்தவர். சாரத்திலிருந்து விழுந்த பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். மாதிரி வாக்குப்பதிவு இயந்திரத்தை நான் திருடி உடைத்ததாகச் சொல்லப்படுவது பற்றிப் போலீசார் விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு.

கடந்த தேர்தலில் வாக்குச்சாவடி மேசையின் கால்கள் நாற்காலியை உள்ளே விடாததால் அவர் கைக்குப் பொத்தான் எட்டவில்லை. அதனால் அதிகாரியின் அனுமதியோடு நான் துணைக்குப் போய், அவர் என் காதில் சொன்ன சின்னத்தில் அழுத்தினேன். அழுத்தியதும் சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் சில நொடி நின்று பெட்டிக்குள் விழும். அந்தக் கண்ணாடி நிற்பவர் கண் உயரத்துக்கு வைத்தது. உட்கார்ந்திருந்த அவருக்கு அதில் டியூப்லைட் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது.

அந்தத் தேர்தலில் என் அண்ணன் வேலை செய்த கட்சி ஜெயித்தது. அவர்களை என் கணவருக்கு அறவே பிடிக்காது. என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. இனிப்போடு வீட்டுக்கு வந்து, "மாப்பிள்ளை ஓட்டும் இந்தத் தடவை நமக்குத்தான். அழுத்துனது என் தங்கச்சி கையாச்சே!" என்று சொல்லிச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. அன்று முதல் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசுவதில்லை. அவர் சொன்னதில்தான் அழுத்தினேன் என்று எத்தனையோ முறை சொன்னேன், சுவரிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் பேச்சைவிட அண்ணனின் கிண்டல் பெரிதாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு, புதிய இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று தரவிதிகளை முடிவு செய்யும் முன் கூட்டம் போட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப்போவதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. என் கணவரே அதை என் முன்னால் வைத்து, "போவோம். கண்ணாடியைக் கீழ எறக்கச் சொல்லணும். நான் பாத்துட்டேன்னு சொன்ன பிறகுதான் சீட்டு விழணும்" என்றார். பல மாதங்களில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அடுத்த தேர்தலுக்காவது வீடு வீடாகிவிடும் என்று நான் ஆசைப்பட்டேன்.

கூட்டம் இரண்டாவது மாடியில் நடந்தது. லிஃப்ட்டில் பழுது என்று அட்டை தொங்கியது. அவரைப் படிக்கட்டின் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். என் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தலைவராக இருந்தவர், "பாதிக்கப்பட்டவர் நேர்ல வந்து சொன்னாத்தாம்மா பதிவு பண்ண முடியும்" என்றார். கீழேதான் இருக்கிறார் என்றேன். "அப்போ மேல வரச் சொல்லுங்க" என்றார். லிஃப்ட்டைப் பற்றிச் சொன்னதற்கு, அது கட்டடத் துறையைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

அதன் பிறகு எல்லாரும் டீ குடிக்க வெளியே போனார்கள். பொத்தான்களும் சீட்டுப் பெட்டியும் ஒன்றாக உள்ள, பேட்டரியில் ஓடும் புது மாதிரி இயந்திரம் மேசைமேல் இருந்தது. அவர் மேலே வர முடியாவிட்டால் இது கீழே போகட்டும் என்று தூக்கிக்கொண்டேன். ஈரத்துணி மூட்டை தூக்கிப் பழகியவளுக்கு அது ஒரு பாரமில்லை. காவலாளி நான் அங்கே வேலை செய்பவள் என்று நினைத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கீழே அவர் மடியில் வைத்தேன். மாதிரிக்காக வாளி, ஏணி, கத்தரிக்கோல் என்று சின்னங்கள் ஒட்டியிருந்தார்கள். அவர் வாளியை அழுத்தினார். மடியில் இருந்ததால் கண்ணாடி அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. சீட்டில் வாளி வந்தது, நின்றது, விழுந்தது. அடுத்து ஏணியை அழுத்தினார். சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அன்னிக்கும் இப்படித்தான் விழுந்துச்சா?" என்று கேட்டார். "நீங்க சொன்னதுதாங்க விழுந்துச்சு" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது இயந்திரத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்த பொறியாளரும் காவலாளியும் ஓடிவந்து அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். என் கணவர் பிடியை விடவில்லை. அந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விட்டது.

தூக்கிக்கொண்டு போனது உண்மை. திருடவில்லை. கண்ணாடியை இறக்க வேண்டும், பார்த்தேன் என்று சொன்ன பிறகே சீட்டு விழ வேண்டும் என்ற எங்கள் கருத்தை இங்காவது எழுதச் சொன்னேன். வழக்குக்குத் தேவையில்லை என்றார் உதவி ஆய்வாளர். எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் எழுதிக்கொண்டார்.

என் கணவரைச் சாட்சியாக வைத்து முழுவதையும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. வாக்குச்சாவடியில் நடந்ததாக நான் சொன்னது உட்பட எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

சாட்சி: படிக்கட்டின் கீழே நடந்ததற்கு மட்டும் கையெழுத்திடுகிறேன். வாக்குச்சாவடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை.

(ஒப்பம்) மேற்படியாரின் கணவர்