வன்னியராஜ் அண்ணனுக்கு வந்த போன்

எம்பேரு இசக்கிமுருகன், வயசு இருபத்திமூணு, ஷார்ஜால இருக்கேன். ஊருக்கு வாரவரு கைல ஒம்போது பேரு பேசிப் பதிஞ்ச கேசட்டு குடுத்திருக்கோம், வீடு மாறிரக் கூடாதுன்னுதான் மொதல்லயே சொல்லுதேன். சுடலைவடிவு அக்கா, நான் நல்லாருக்கேன். நேரத்துக்குச் சாப்புடுதேன். பேட்டை லாரி புக்கிங் ஆபீஸ் வேலைய ஏம்ல விட்டன்னு எழுதிருந்தியே, அதச் சொல்லுதேன். பயந்துராத.

அங்கன எனக்கு நல்ல வேலைதான். சிரிச்ச மூஞ்சின்னுதான் குமரகுருபரன் அண்ணாச்சி என்னை வச்சிருந்தாரு. சொந்த வண்டிய சொந்தமா ஓட்டுதவங்க, நம்மூர்ல சரக்க எறக்கிட்டு, திரும்பிப் போக லோடு கேட்டு வருவாங்க. காலியாப் போனா டீசல் நட்டம். சரக்குக்காரன் எங்களுக்குக் குடுக்குத வாடகை ஒண்ணுதான். லாரிக்காரனுக்கு எம்புட்டு அவசரமோ அம்புட்டு எங்களுக்கு மிச்சம். நான் டீ வாங்கிக் குடுத்து வீட்டு வெசயம் கேப்பேன். மனசுல உள்ளத பூராவும் சொல்லிருவாங்க. அவங்க வீட்டுப் போனும் எங்க ஆபீசுக்குத்தான் வரும். போன்ல நல்லது பொல்லது வந்தா, ஊருக்கு ஓடுத அவசரத்துல அவங்க கேக்குத வாடகை தன்னால எறங்கிரும்.

போன் வராத நாளும் உண்டுல்லா. அன்னைக்கு நானே ஒண்ணு சொல்லுவேன். கெட்ட சேதி ஒருநாளும் சொன்னதில்ல, சத்தியமா. கொழுந்தியாளப் பொண்ணு பாக்க வாராங்க, மச்சானுக்கு வேலை கெடச்சிட்டு, இப்படித்தான். அடுத்த தடவ வந்து கேட்டா, லைன்ல ஒண்ணும் வெளங்கல அண்ணேன்னு சிரிப்பேன். அவங்களும் சிரிச்சிருவாங்க.

தொண்ணூத்தாறு ஐப்பசில, தேனிப் பக்கத்து வன்னியராஜ் அண்ணன் வந்தாரு. ரெண்டு நாளா தூங்காம ஓட்டி வந்த கண்ணு. தேனிக்கு அரிசி லோடு இருந்துது. ரெண்டாயிரத்தி அறுநூறுக்குக் கொறைய மாட்டேன், தூங்கி எந்திரிச்சுப் பேசுவோம்னு வண்டிக்கு அடியில துண்ட விரிச்சாரு. அவரு பெஞ்சாதி இன்பமணிக்கு நெறமாசம். பதினோரு வருசம் கழிச்சு உண்டாயிருந்தா. டீ குடிக்கையில அவருதான் சொன்னாரு. அண்ணாச்சி என்னப் பாத்தாரு. நான் வண்டிக்கு அடியில பைய குனிஞ்சேன்.

"அண்ணே, போன் வந்துது. ஆம்பளப் பிள்ள."

"அவ எப்படியிருக்கா, தம்பி?"

"சொகமா இருக்காங்களாம்."

வாடகைய அவரு கேக்கவே இல்ல. ஆயிரத்தி எழுநூறுன்னாரு அண்ணாச்சி, சரின்னுட்டாரு. மூடை ஏத்துதவங்களுக்கெல்லாம் பூந்தி வாங்கிக் குடுத்தாரு. எனக்கு ரெண்டு பொட்டலம். ராஜபாளையம் தாண்டி ஒரு புளியமரத்துல வண்டி ஏறிட்டு. ஓட்டுதப்பவே தூங்கிட்டாரு, அங்கனயே உசுரு போயிட்டுன்னாங்க.

துட்டி கேக்க நானும் போனேன். எம்மகன போன் போட்டு வெரட்டுனது யாருன்னு ஆத்தாக்காரி கேட்டா. வீட்டுல இருந்துதான் வந்துதுன்னேன். எல்லாரும் இன்பமணியப் பாத்தாங்க. பத்து நாள்ல பொம்பளப் பிள்ள பொறந்துது. புருசன பொய் சொல்லிக் கொன்னவள்னு, பிள்ளையோட வீட்ட விட்டு எறக்கிட்டாங்களாம். அதக் கேட்ட பெறவுதான் வேலைய விட்டேன்.

அன்னைக்கு ஒரு போனும் வரல. நான்தான் சொன்னேன்.

இதக் கேக்குதவங்க யாரா இருந்தாலும் இன்பமணியப் போயி ஒரு எட்டு பாத்துருங்க. கேசட்டப் போட்டுக் காட்டாண்டாம், மனசு சங்கடப்படும். அவரு சிரிச்சுக்கிட்டேதான் வண்டிய எடுத்தாரு, அந்தச் சந்தோசம் இசக்கிமுருகன் குடுத்ததுன்னு மட்டும் சொல்லிருங்க.