சுவடிக்கு வைத்த வசம்பு

காலை எட்டு இருபது. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் மடியில் ஒரு வசம்புப் பொட்டலம் இருந்தது. அவர் நூல்நிலையத்துப் பியூன் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய மச்சினன்.

“பூச்சி மருந்து எழுதுன ஏட்டைத்தான் மாப்ளே பூச்சி அரிச்சிருச்சு.”

“வசம்பு வச்சுக் கட்டுனா பூச்சி அண்டாதே மச்சான்?”

“வச்சேன். எந்தப் புள்ளைக்கு வயிறு உப்புனாலும் தாய்மாருங்க லைப்ரரிக்கில்ல ஓடியாராக? சுவடிக் கட்டை அவுத்து அவுத்து வசம்பைக் கொடுத்துட்டேன்.”

“ஏட்டைக் கொன்னு ஊர்ப்புள்ளைய வளத்திருக்கீங்க!”

“சிரிக்காதடா. பத்து மணிக்கு ஆபீசர் பாக்க வாராரு. மிச்சக் கட்டுலயாவது இதை வைக்கலேன்னா என் வேலை போச்சு.”

பின்சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது.

“அண்ணே, வசம்பு வாசம் வருதே. ஒரு துண்டு தாங்களேன்” என்றாள் தாய்.

பியூன் பொட்டலத்தைப் பிரித்தார்.

பஸ்ஸில் இன்னும் மூன்று கைக்குழந்தைகள் இருந்தன.