செயற்கைக்கோழி

— அந்தப் போன கீழ வச்சிட்டு வாங்களேன். சோறு ஆறுது.

— இரு ரமணி. சட்ட எங்க? அந்தப் பூப்போட்ட பாத்தேக் சட்ட.

— பாத்தேக்கா? எந்தக் கல்யாணத்துக்கு?

— எடுத்துக் குடு லா. பேசிக்கிட்டே இருக்கே.

— நான் பேசுறேனா? வேல விட்டு வந்தா செருப்பக்கூட கழட்டாம ஃபேஸ்புக்குல மல்லுக்கட்டுறது யாரு? ராக்கெட்டு விடுற அந்தக் கோடீஸ்வரத் தவுக்கே ஒங்களுக்கு மாமனா, மச்சானா?

— அவரு ஒரு...

— அவராம் அவரு! வாயத் தெறந்தா வம்பு. தெனம் ஒருத்தர ஏசுறான். செயற்கைக்கோளா அனுப்பி அனுப்பி வானத்தையே அடச்சு வச்சிருக்கான். ஒன்னோட ஒன்னு முட்டி எப்ப எவன் தலையில விழுமோ. அவனுக்குப் போயி நீங்க வக்கீலு.

— ஏய்... நீ என்னா அந்தப் பட்டர்வொர்த் பையன் மாதிரியே பேசுற?

— ...ஊரே பேசுது. நான் பேசக் கூடாதா?

— அவனும் இதத்தான் எழுதுவான். பேரே பட்டர்வொர்த் பையன். மொகம் கெடையாது, வெறும் பூனப் படம். 'அங்கிள், ஒங்க தவுக்கே நெலாவ மட்டுந்தான் விட்டு வச்சிருக்கான்'னான். நான் விட்டேனா? 'தம்பி, நடுக்கடல்ல மீன் புடிக்கிறவனுக்கு ஒங்க தாத்தாவா வந்து இன்டர்நெட் லைன் குடுப்பாரு'ன்னு கேட்டேன். லைக்கு குமிஞ்சிருச்சு.

— பெரும வேற. வீட்டுல நீங்க சிரிச்சு எத்தன காலமாச்சு... அந்தப் பூனகிட்ட மட்டும் சிரிப்பு வருது.

— சண்ட போடவும் ஒரு ஆளு வேணும்ல.

— நான் இல்லியா?

— ஒன்கிட்ட என்னான்னு பேசுறது... எதப் பேசுனாலும் துளசிகிட்டதான் போயி நிக்கும்.

— ...

— பாத்தியா. நின்னுருச்சு.

— நின்னா நிக்கட்டும்! நான் பெத்த மக. அவ பேரச் சொல்லக்கூட இந்த வீட்டுல பயப்படணுமா? இதே தவுக்கேவ ஏசித்தான் அவ எழுதுனா. அதுக்குக் கீழ, அவ கூட்டாளிங்க அத்தன பேரும் பாக்க, 'என் சோத்தத் தின்னுட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா கழுத'ன்னு எழுதுனது யாரு?

— போதும் ரமணி.

— எவனோ ஒருத்தனுக்காக! நம்மள யாருன்னே தெரியாது அவனுக்கு. அன்னிக்குப் பைய எடுத்துக்கிட்டுப் போனவதான். நம்பரையும் மாத்திட்டா. இருக்காளா... எங்க இருக்கா...

— இருக்கா.

— என்னாங்க?

— இருக்கான்னு சொல்றேன். சட்டையக் குடு. பாடாங் கோத்தா கடக்கரைக்குப் போறேன். அவ வருவா.

— யாரு சொன்னா ஒங்களுக்கு?

— சொன்னா நீ சிரிப்பே.

— சிரிக்கிற மூஞ்சியா இது? சொல்லுங்க.

— அந்தப் பட்டர்வொர்த் பையன்... பையனே இல்ல ரமணி. அது நம்ம துளசி.

— ஐயோ... ஐயோ கடவுளே.

— அழுவாத. மொதல்ல கேளு. போன வாரம் சண்ட முத்திப் போச்சு. கோவத்துல எழுதுறா, 'அண்ணாந்து பாருங்க அங்கிள், வானம் முழுக்கக் கோழியா மேயுது'ன்னு. கோழி! அவனவன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். செயற்கைக்கோள்னு எழுதத் தெரியாதவனெல்லாம் பேச வந்துட்டான்னு கேலி. நான் மட்டும் சட்டுன்னு எந்திரிச்சு ஒக்காந்துட்டேன்.

— கோழியா...

— ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல டீச்சர் செயற்கைக்கோள்னு சொன்னத, நம்ம புள்ள செயற்கைக்கோழின்னு வந்து நின்னுச்சு. ஃபெரியில வரோம், மேல ஒரு புள்ளி நகந்து போவுது. 'அப்பா, கோழி ஓடுது, முட்ட போட்டா நம்ம தலையில விழுமா'ன்னு...

— நீங்க குடைய விரிச்சீங்க.

— ஆமா! பொட்டு மழ இல்ல, குடைய விரிச்சுட்டேன். ஃபெரியே பாத்துச்சு. அதுலருந்து நம்ம வீட்டுல அது கோழிதான். வெளிய ஒரு ஆளுக்குத் தெரியாது.

— ஒரு வார்த்தைய வச்சிக்கிட்டு... யாராச்சும் தப்பா அடிச்சிருக்கலாம்லங்க...

— கோளத் தப்பா அடிச்சா கோல்னு வரும். கோழின்னு வருமா? மேயுதுன்னு வேற எழுதியிருக்கா!

— போகாதீங்க. மழ வரப் போவுது.

— வரட்டுமே. குடைய எடுத்துக்கிறேன். மழ இல்லன்னாலும் விரிச்சிக்கிட்டு நிப்பேன். பாத்தவொடனே தெரிஞ்சுக்குவா.

— அந்தப் பாசெம்பூர் சாப்பாட்டுக் கடைகிட்ட எம்மா நேரந்தான் நிப்பீங்க...

— கடைகிட்டன்னு ஒனக்கு யாரு சொன்னா? அவளுக்குத் தனியா எழுதுனதாச்சே அது.

— ...நம்ம எப்பவும் ஒக்காருற எடந்தானே.

— ம்ம். அவளுக்கும் தெரியும். மன்னிச்சிருன்னும் எழுதிட்டேன் ரமணி. இந்த வயசுக்கு ஒருத்தர்கிட்டயும் அந்த வார்த்தைய நான் சொன்னதில்ல. படிச்சிட்டா, படிச்சதுன்னு காட்டுது. பதில் மட்டும் போடல. அழுதிருப்பா லா.

— அழுதா.

— என்னா?

— அழுதிருப்பான்னு சொன்னேன்...

— நகரு. மோட்டார் சாவி எங்க?

— தர மாட்டேன்.

— ரமணி!

— அங்க யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் புள்ளகுட்டியோட ஒக்காந்து தின்னுக்கிட்டு இருப்பாங்க, நீங்க ஒரு ஆளு குடையப் புடிச்சிக்கிட்டு வர்றவ போறவ மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு நிப்பீங்க. என்னால தாங்க முடியாதுங்க. அவ கூட்டாளிங்க ஒவ்வொருத்தியா கேட்டுப் பாத்துட்டேன். ஃபாத்தின் வாசல்ல போயி அழுதே பாத்துட்டேன். ஒருத்தியும் வாயத் தெறக்கல.

— அதெல்லாம் விடு. அவ இல்லன்னா அது யாரு? நீயே சொல்லு. அந்தக் கோழி யாருக்குத் தெரியும்? நீ, நான், அவ. வேற யாரு?

— வேற யாருமில்ல.

— அதத்தான நானும் சொல்றேன்! நான் எழுதல. அப்ப... ரமணி... ஏன் தலையக் குனியுற?

— நீங்கதான் என்கிட்ட பேசுறதே இல்லியேங்க... சண்டையாச்சும் போடுவீங்கன்னுதான்...