முதலைத் தோல் பெட்டியில் கட்டிய சீட்டு

வயது ஐம்பத்திரண்டு. கடையில் எல்லாருக்கும் நான் பெரியண்ணன். பழைய உயர்ரகத் தோல் பெட்டிகள், கைப்பைகளைச் செப்பனிடுவது தொழில். குடியிருப்பு கடைக்கு மேல்மாடி. யாரும் வற்புறுத்தாமல் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாவது:

சென்ற திங்கட்கிழமை நூறு வருஷத்து முதலைத் தோல் பயணப் பெட்டி ஒன்று பூச்சி அரித்து எங்களிடம் வந்தது. என் தம்பி அதற்குள் விஷ மாத்திரைகளை வைத்து மூடினான். மூன்று நாள் அப்படியே இருக்க வேண்டும். தையல் விட்ட இடங்களில் விஷக்காற்று கசியும் என்பதால் திறந்த ஜன்னலோரம் வைப்போம். மூடிமேல் எச்சரிக்கை எழுதிப் பெரிய காகிதமாக ஒட்டிவிடலாம் என்றான் தம்பி. பசை பட்டால் பழைய தோல் கறுத்துவிடும், எதையும் ஒட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். "பெட்டிக்கு வலிச்சா அண்ணனுக்குத் தாங்காது" என்று சிரித்துக்கொண்டே கைப்பிடியில் நூலால் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டினான். அதை நான் பார்த்தேன்.

மறுநாள் பகலில் பெட்டிக்காரம்மா படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தொங்கும் சீட்டு படத்தில் அசிங்கமாகத் தெரியுமென்று அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன். படத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிட மாடிக்குப் போனேன். திரும்பக் கட்ட மறந்தேன்.

சீட்டு இல்லாத பெட்டி என்றால் வேலை முடிந்த பெட்டி, இது எங்கள் வழக்கம். அதன்பிறகு டெலிவரி எடுக்க வந்த என் தங்கை கணவர் அதைக் காருக்குள் ஏற்றி, மழைக்காகக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வழியெல்லாம் நெரிசல். பச்சை சிக்னல் விழுந்தும் வண்டி நகராததால் பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போய்விட்டது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அடக்கம் முடிந்ததும் தங்கை தம்பியின் சட்டையைப் பிடித்து, "சீட்டு கட்டுனியா, இல்லையா? சொல்லுடா!" என்று கேட்டாள். கட்டினேன் என்று அழுதான். ஒருவரும் நம்பவில்லை. சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. தங்கையின் முகத்துக்குப் பயந்தேன்.

நேற்று தம்பியைக் கூட்டிப்போனீர்கள். ஜீப்பில் ஏறும்போது, "அக்காவப் பாத்துக்கோங்கண்ணே" என்றான்.

"விஷம். வியாழன் வரை திறக்காதே" என்று அவன் எழுதிய சீட்டை நூலோடு இத்துடன் ஒப்படைக்கிறேன். குற்றம் என்னுடையது. தம்பிமேல் புகார் எழுதிக் கையெழுத்திட என் தங்கை வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். அதற்கு முன் இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். என் வாயால் சொல்ல முடியவில்லை.

எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)