ஓரப்பசைக் கண்ணாடி

டேப்லெட்டின் திரைமேல் காப்புக் கண்ணாடி ஒட்டுவதென்றால் முதலில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. அப்புறம் உள்ளே ஒரு தூசி மாட்டிக்கொண்டு காலத்துக்கும் கண்ணை உறுத்தும். நான் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஈரக் காற்றில் தூசியெல்லாம் அடங்கிய பிறகு, அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒட்டினேன். அப்படி நறுவிசாக ஒட்டிய கண்ணாடியைத்தான் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஒரு குமிழிகூட இருக்காது.

என் கணவர் சக்ரபாணி திருவெறும்பூரில் ஒரு பெரிய ஆலையில் வேலை பார்த்தவர். குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஆலையில் கண்டுபிடித்தது போதாதென்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தும் கண்டுபிடிப்பார். சாத்தமுதில் புளி, கோலத்தில் கோணல், என் பிறந்தகத்து வளர்ப்பு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். ஒருநாளும் என்னைக் கை நீட்டி அடித்தது கிடையாது. அதை வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. சித்திரை வீதியே திரண்டு வந்து என்னிடம் துக்கம் விசாரித்தது. எனக்குத் துக்கமில்லை. வீடு அமைதியாக இருந்தது. தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மாதங்களில் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் பெண் ஸ்ம்ருதி பெங்களூரில் இருக்கிறாள். அவள்தான் டேப்லெட் வாங்கி வந்தாள். படத்தைத் தொட்டால் அது பேசும். தண்ணீர், பசி, வலி, கால் என்று வரிசையாகப் படங்கள். எழுத்து எழுத்தாகத் தொட்டு வாக்கியமும் அமைக்கலாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜாஸ்லின் புத்தூரிலிருந்து வந்து, இடது கை விரலால் தொடுவதற்குப் பழக்கினாள். அந்த விரலிலும் வலு கிடையாது. இலைமேல் எறும்பு ஊர்வது போலத்தான் படும்.

அவர் முதலில் அமைத்த வாக்கியம், 'காபி ஆறிவிட்டது.' இயந்திரம் அதை ஒரு பெண்ணின் குரலில் சொன்னது.

"அம்மா, அப்பா பேசறார்மா" என்று ஸ்ம்ருதி அழுதாள். நான் காபியைச் சுடவைக்கப் போனேன்.

அவள் ஊருக்குப் போனாள். அந்தப் பெண் குரல் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. சாத்தமுது சரியில்லை. ஜன்னலைச் சாத்து. இது வேண்டாம். யாரோ ஒருத்தியைக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்து என்னைத் திட்டச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. இருந்தது.

சிங்காரத்தோப்பில் கியாசுதீன் என்பவரின் செல்போன் கடைக்குப் போனேன். பொறுமையான மனிதர். கண்ணாடிகளை எடுத்துப் பரப்பி வைத்து, கேட்காததையும் சேர்த்து விளக்கினார்.

"முழுக்கப் பசை உள்ளதா வாங்குங்கம்மா. ஸ்க்ரீனோட ஒட்டி நிக்கும். இந்த ஓரப்பசை ஒட்டறதுக்குச் சுலபம்தான், ஆனா நடுவுல காத்து நின்னுரும். அழுத்தித் தொட்டாத்தான் எடுக்கும்."

"வயசானவா லேசாத்தானே தொடுவா. அவாளுக்கு?"

"அவங்களுக்கு இது வேணாங்கம்மா. சிரமப்படுவாங்க. போட்டே ஆகணும்னா, செட்டிங்ஸ்ல டச்சைக் கூட்டி வைக்கிற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிக்கங்க."

ஓரப்பசையையே எடுத்துக்கொண்டேன், இருந்ததிலேயே தடியானதாகப் பார்த்து. வீட்டுக்கு வந்து அந்த ஸ்விட்சைத் தேடினேன். ஜாஸ்லின் முன்பே ஆன் செய்து வைத்திருந்தாள். ஆஃப் செய்தேன்.

கண்ணாடி எனக்கு வேலை செய்தது. என் விரலை அழுத்தி வைத்தால் 'தண்ணீர்' என்று கணீரென்று சொன்னது. அவர் விரலுக்கு வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது ஸ்ம்ருதியும் தொட்டுப் பார்த்தாள்.

"நன்னாத்தானே வொர்க் ஆறது. அப்பாவுக்குத்தான் புரியலையாம்மா?"

"நாளாக நாளாக அப்படித்தான் ஆகுமாம்டி" என்றேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. இனிமேல் பலனில்லை என்று ஜாஸ்லினை வரவேண்டாம் என்றதும் நான்தான். ஸ்ம்ருதி வீடியோவில் அழைத்தால் முதலில் அப்பாவைத்தான் கேட்பாள். பிறகு என்னோடு மட்டும் பேசினாள். நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியதே இல்லை.

காலைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். வலிக்கான படம் மேல் வரிசையில் இருக்கிறது. காலுக்கான படம் அதற்குக் கீழே. கார்த்திகை மாதம் அவர் விரல் இந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. காலில் உறை போட்டிருந்தேன். அது இடது கால், ஊன்றிக்கொள்ள அவருக்கு மிச்சம் இருந்த கால். உறையிலிருந்து வாடை வந்ததும் சாம்பிராணி போட்டேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுத் தொட்டு நகம் கறுத்திருந்தது.

"ஏன்னா, என்ன வேணும்? சொன்னாத்தானே தெரியும்" என்றேன்.

ஒருநாள் கேட்டதல்ல. மறைக்க விரும்பவில்லை. தினமும் கேட்டேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு வந்த ஸ்ம்ருதிதான் உறையைக் கழற்றினாள். காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஜாஸ்லின் பார்க்க வந்தாள். கட்டிலில் கிடந்த டேப்லெட்டை எடுத்து, சுண்டுவிரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டாள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"இந்தக் கிளாஸ் யாருங்க போட்டது?"

அவள் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பி எடுத்துவிட்டு, டேப்லெட்டை அவர் கைக்கு அடியில் வைத்தாள்.

வலி என்ற படத்தை அவர் தேடவில்லை. எழுத்துகளுக்குப் போனார். தப்பாகத் தொட்டார், அழித்தார், மறுபடி தொட்டார். வெகுநேரம் பிடித்தது. கடைசியில் அந்தப் பெண் குரல் சொன்னது:

"அவளுக்குத் தெரியும்."

ஸ்ம்ருதி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருப்பதும் அவள்தான்.

தெரியும்தான். கடையில் நிற்கும்போதே தெரியும். உறைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்பது எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் விரல் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்துத்தான், நான் கட்டில் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றேன்.