ஊட்டுகிற கை

—மெதுவாப் பேசு, இஸ்ரவேல். மாமி அடுக்களையில நிக்காவ.

—டாக்டரா வந்திருக்கேன் மக்கா, சொல்லாமப் போக முடியாது. வீட்டுல எல்லாருக்க மலத்தையும் எடுத்துச் சோதிக்கத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம்லா? கிருமி உனக்கு இல்ல. பிள்ளைக்கும் இதுவரை இல்ல. உன் வீட்டுக்காரி விக்டோரியாவக் கொன்ன டைபாய்டு கிருமி உன் மாமிக்க வயித்துல இருக்கு.

—அவிய நல்லாத்தான இருக்காவ.

—இருப்பாவ. போன வருசம் காய்ச்சல்ல கிடந்து எழும்பினாவல்லா? காய்ச்சல் போச்சு, கிருமி போகல. பித்தப்பையில குடியிருக்கு. அவியள ஒண்ணும் செய்யாது. கை சரியாக் கழுவாமச் சோறு பிசைஞ்சா அடுத்த ஆளுக்க குடலுக்குப் போவும். அங்கேருந்து ரத்தத்துல ஏறும். திரும்பவும் குடலுக்கே வந்து, அரிச்சு ஓட்டையாக்கும்.

—தெரியும். அவ வயிறு கல்லாட்டு ஆனத நான்தான் தொட்டுப் பாத்தேன்.

—குடல்ல ஓட்டை விழுந்தா அப்படித்தான் ஆவும்.

—மருந்து?

—புது மருந்து வந்திருக்கு. காய்ச்சலுக்குக் கேக்கும். பித்தப்பையில இருக்கிறதுக்குக் கேக்காது. அவிய பிள்ளைக்குப் பழஞ்சிச் சோறு பிசைஞ்சு ஊட்டப்பிடாது, அவ்வளவுதான்.

—மகளக் கொன்னது நீங்கதான்னு சொல்லணும்.

—அப்படியா சொல்லச் சொன்னேன்?

—எப்படிச் சொன்னாலும் அதுதான.

—டாக்டரே, இந்தாரும் மோரு. இந்த வெயில்ல மயிலாடியிலேருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கியரு.

—வேண்டாம் மாமி. வயிறு சரியில்ல.

—நல்ல கூத்து. டாக்டருக்கே வயிறு சரியில்லன்னா நாங்க யாருகிட்டப் போவோம்? மருமவனே, உங்க முகம் என்ன இப்படி இருக்கு? கிருமின்னு காதுல விழுந்துது. யாருக்கு? பிள்ளைக்கா?

—இல்ல மாமி.

—பின்ன?

—எனக்கு.

—ஜெபசீலா, என்னடே சொல்லுத?

—நீ சும்மா இரு, இஸ்ரவேல். மாமி, காலேஜுல படிக்கையில எனக்குக் காய்ச்சல் வந்துது. கிருமி உள்ளயே கிடந்திருக்கு.

—அப்ப என் மவளுக்கு?

—எங்கிட்டேருந்துதான்.

—தெரியாமலா கூடக் கிடந்த?

—தெரியாது மாமி. இனி இந்த வீட்டுல சமையல் வேண்டாம். பிள்ளைக்குத் தெக்கு வீட்டு ராகேல்கிட்டச் சோறு சொல்லிக்கிடுதேன்.

—ஊரான் சோறு என் பேரனுக்கு எதுக்கு? நான் செத்தா போனேன்? பிள்ளைய இங்க தா. இனி நீ அவனத் தொடப்பிடாது. அவனுக்கு நான்தான் ஊட்டுவேன், என் கையால.