அரை விரற்கடை

உட்காருங்கள். முழங்கையை மேசையில் தாராளமாக ஊன்றிக்கொள்ளுங்கள், ஆடாது. டம்ளரைக்கூட விளிம்புவரை நிரப்பித்தான் வைத்திருக்கிறேன்.

கிரிக்கெட் சங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேட் செய்வதுதான் தொழில். மாமனார் மரம் பார்த்து வாங்குவார், கொழுந்தன் செதுக்குவான், என் கணவர் பிடி பொருத்துவார், பிடிக்கு நூல் சுற்றுவது நான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே உளி கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த மேசை, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கால் நொண்டிக்கொண்டிருந்தது. யார் கை வைத்தாலும் தண்ணீர் என் மடியில்தான்.

கணவரிடம் சொன்னேன். "நாங்க பேட் செய்றவங்க. மேசைக்குத் தச்சரத்தான் கூப்பிடணும்," என்றார். கொழுந்தனைக் கேட்டால், "மர வேலைக்கு நம்ம வீட்டுக்கே வெளியாளா? மானம் போயிடும் அண்ணி," என்றான். மாமனாரோ, "விடும்மா, போகப் போகத் தானா சரியாயிடும்," என்றார். மேசைக்கு என்ன ஜலதோஷமா பிடித்திருக்கிறது?

அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தேன், நசுங்கிவிட்டது. பட்டறையில் கிடந்த கழிவுத் துண்டுகளும் அப்படியே. அந்தச் சமயத்தில்தான் உங்கள் கேப்டன் இறுதிப் போட்டிக்காகச் செய்யச் சொன்ன பேட், நூல் சுற்ற என்னிடம் வந்தது. மாமனார் அதன் அடிப்பாகத்தைக் காட்டி, "மெஷின்ல வச்சு இறுக்கின மரம். யானை ஏறி நின்னாலும் நசுங்காது," என்றார். பெரியவர்கள் சொல்வதை நம்புகிறவள் நான்.

அரை விரற்கடைதான் அறுத்தேன். தேய்த்து, எண்ணெய் பூசி, அடியில் இருந்த ரப்பரை மறுபடி ஒட்டிவிட்டேன். என் வாயால் சொல்லக்கூடாது, சுத்தமான வேலை.

போட்டியன்று கடைசி ரன்னுக்கு ஓடிய கேப்டன், குப்புற விழுந்து பேட்டை நீட்டினார். கோட்டைத் தொட அரை விரற்கடை பாக்கி. ரன் அவுட். கோப்பை கைநழுவிப் போயிற்று. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், பொய்யில்லை.

மாமனார் பேட்டை வாங்கி அளந்தார். செதுக்கியவன் அளவைக் கோட்டைவிட்டான் என்று இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் தீர்ப்பாயிற்று. பேச்சுக்குப் பேச்சு அவர் மேசையைக் குத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கொழுந்தனிடமிருந்து உளியைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அவனுக்கு எண்ணெய் தடவும் வேலை மட்டும். அவனைப் பார்க்க வந்த பெண் வீட்டாரும், அளவு தெரியாதவன் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். என் நெஞ்சில் ஈரம் இல்லாமல் இல்லை. தினமும் அவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினேன். வாயை மட்டும் திறக்கவில்லை. காலம் முழுக்கத் திறக்காமலே இருந்திருப்பேன்.

நேற்று மாமனார் சாப்பிட்டு எழுந்தவர், மேசையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? தானா சரியாயிடும்னு நான் அப்பவே சொன்னேன்ல."

அதனால்தான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்தன் மேல் தப்பில்லை என்பதையெல்லாம் அடியில் எங்காவது இடமிருந்தால் போட்டுக்கொள்ளலாம். முதல் வரியில், கொட்டை எழுத்தில் இது வரவேண்டும்: மேசையைச் சரி செய்தது நான்.